நூற்று நாற்பத்தொரு சுற்று

ஊசி இறங்கிவிட்டது. இனி மூன்று நிமிடம் எட்டு விநாடி. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, ஆக நூற்று நாற்பத்தொரு சுற்று. அதற்குள் சொல்வதா வேண்டாமா என்று நான் முடிவு செய்தாக வேண்டும், செய்யமாட்டேன் என்றும் தெரிகிறது, எழுபத்துநாலு வயதில் எதையும் மூன்று நிமிடத்தில் முடிவு செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. முதலில் சரசரப்பு, நாலு சுற்றுக்கு. பிறகு வயலின். வயலினுக்குப் பின்னால் தபேலா, அந்தத் தபேலாக்காரர் எப்போதும் ஒரு நூலிழை முந்துவார், ஐம்பத்திரண்டு வருஷமாக முந்திக்கொண்டே இருக்கிறார், இனி யாரும் அவரைத் திருத்தப் போவதில்லை. எதிரே பிரம்பு நாற்காலியின் நுனியில் எழிலரசி என்கிற அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நாற்பத்தாறு வயது இருக்கும். ஓசூரில் நர்ஸ். காலையில் திருச்சியில் இறங்கி, ஜங்ஷனில் முகம் கழுவிக்கொண்டு, டவுன் பஸ் பிடித்துப் பொன்மலைக்கு வந்திருக்கிறாள், காதோரம் இன்னும் ஈரம் காயவில்லை. செல்போனை ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறாள், அதில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்குகிறது, பதிவாகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா இறந்து பத்து வருஷம் நிறைகிறது, சொந்தக்காரர்கள் நாற்பது பேர் கூடும் இடத்தில் அம்மாவின் குரலைப் போட்டுக் காட்டப் போகிறாள். அம்மா பாடியது வாழ்நாளில் ஒரே ஒரு தட்டு, அதிலும் ஒரு பக்கம்தான். அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது, இதோ சுற்றுகிறது, நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் அவள் அம்மா பெயர், குமாரி வ. அம்சவேணி, ஆனால் சுற்றும்போது அது எழுத்தாகத் தெரியாது, மஞ்சளாக ஒரு வளையம்தான் தெரியும். இப்போது குரல் வந்துவிட்டது. மழைக்கு முன்னே ஒரு வாசம் வரும். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. பாடுவது அவள் அம்மா இல்லை.

என் வாய்தான் காரணம். பேசாத வாய் ஒருதடவை பேசியது, அது இப்படி ஆயிற்று. மூன்று வாரத்துக்கு முன்னால் போன் வந்தது. பழைய சாமான் கடை ரகமத்துல்லா என் தட்டுகளில் சிலவற்றைப் போட்டோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பியிருக்கிறார், அது கைமாறிக் கைமாறி ஓசூர் வரை போயிருக்கிறது. "ஐயா, உங்ககிட்ட மழைக்கு முன்னேங்கிற ரெக்கார்டு இருக்காமே, அது எங்க அம்மா பாடினதுங்கய்யா" என்றது அந்தக் குரல். எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் வராது. ரயில் பட்டறையில் சக்கரம் கடைகிற இடத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்தேன், அங்கே இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது, கையை ஆட்டினால் போதும், எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அன்றைக்கு என்ன வந்ததோ, பேசினேன். "அம்மா, எங்கிட்ட முந்நூத்தி எண்பத்தெட்டு சின்னத் தட்டு இருக்கு. எழுபதுலேருந்து எழுபத்துநாலு வரைக்கும் வந்தது மட்டும். ஒண்ணுகூட சினிமாப் பாட்டு கிடையாது. அத்தனையிலயும் உங்க அம்மா குரல் மாதிரி ஒரு குரல் இல்ல. அறுபத்தோரு தடவை கேட்டிருக்கேன்." அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற ஒலி. அறுபத்தொன்று என்பது மிகை இல்லை. ஒவ்வொரு தடவை ஊசி வைக்கும்போதும் உறையின் உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போடுகிறவன் நான். தட்டு என்பது கேட்கக் கேட்கக் குறைகிற பொருள், எவ்வளவு குறைத்தோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் இருப்பவை யாருக்கும் வேண்டாதவை. சோப்பு விளம்பரத் தட்டு, குடும்பக் கட்டுப்பாட்டுத் தட்டு, நகராட்சித் தேர்தலில் நின்று தோற்ற ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிப் பாடவைத்த தட்டு, ஒரு கிளாரினெட்காரர் காசு போட்டு வெளியிட்டு நாலே நாலு விற்ற தட்டு. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்க வந்தபோது அலமாரியைப் பார்த்துவிட்டு, "சூசை, இதெல்லாம் எதுக்குய்யா?" என்றார். பதில் நாக்கு வரை வந்தது, வெளியே வரவில்லை. பாட்டு தேய்ந்து போகும் சாமி, ஆனால் யார் பாடினார்கள் என்று அச்சடித்த பெயர் அப்படியே இருக்கும், அது சரியாக இருக்கும், அதற்குத்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் விட்டது இப்போது பார்த்தால் நல்லதுதான்.

முதல் கூந்தல் வந்துவிட்டது. என் கூந்தலில் நுழைந்து குடியிருக்கும். பாட்டில் கூந்தல் மூன்று இடத்தில் வரும், ஏனென்றால் தட்டுப் போட்டது ஒரு கூந்தல் தைலக் கம்பெனி, பூந்துளி என்று பெயர், இன்றைக்கு அது கிடையாது. ஒரே பாட்டை, ஒரே வாத்தியத்துக்கு, திருச்சி மெல்லிசைக் குழுக்களிலிருந்து இரண்டு பெண்களைப் பிடித்துப் பாடவைத்து, பக்கத்துக்கு ஒருத்தியாகத் தட்டுப் போட்டு, டீக்கடைகளுக்கும் மைக்செட்காரர்களுக்கும் இனாமாகக் கொடுத்தார்கள். தைல பாட்டிலோடு ஒரு தபால் கார்டு. உங்கள் மனம் கவர்ந்த குரல் யாருடையது, பெயரை எழுதி அனுப்புக. கார்டு அதிகம் வாங்குகிற பெண்ணுக்குத் தையல் மெஷின் பரிசு. எனக்கு அப்போது இருபத்திரண்டு. பட்டறை வாசலில் தங்கப்பன் டீக்கடை, அங்கேதான் முதலில் கேட்டேன், இதே குரலை, இதே இடத்தில் மூச்சு எடுப்பதை. வாசம் என்ற சொல்லுக்கு முன்னால் எடுப்பாள், எடுப்பது தெரியாமல் எடுப்பாள். "டேய் சூசை, டீ ஆறி ஆடை கட்டிப்போச்சு, வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கிறியே, உள்ள ஈ போய்க் குடித்தனம் பண்ணப்போவுது" என்றார் தங்கப்பன். பாடுவது யார் என்று அவரைக் கேட்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. அவர் தட்டை எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்து, எழுத்துக் கூட்டி, அம்சவேணி என்று படித்தார். நாலு பாட்டில் தைலம் வாங்கினேன், ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒன்று. நாலு கார்டு. எட்டாம் வகுப்புப் படித்த கையெழுத்து, ஆனாலும் பிழையில்லாமல், நாலிலும் குமாரி வ. அம்சவேணி. முப்பது வயதில் தலை வழித்துவிட்டது போல ஆகிவிட்டது. "அந்த நாலு பாட்டிலை உள்ளுக்குக் குடிச்சிருப்பீங்க" என்று செல்வம் இன்றைக்கும் சொல்வாள். செல்வம் என் மனைவி, மரிய செல்வம், இப்போது அடுக்களையில் டீ போடுகிறாள், டம்ளர் சத்தம் வராமல் போடுகிறாள், பாட்டுக்காக இல்லை, என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கேட்பதற்காக.

நாற்பது சுற்று ஆகியிருக்கும். இது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற புல்லாங்குழல். வியாழக்கிழமை வரை எல்லாம் சரியாக இருந்தது. அவள் வருகிறாளே என்று தட்டைக் கழுவினேன். பாட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர், நைந்த வேட்டித் துணி, வட்டமாகத்தான் துடைக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. பாட்டு முடிந்த பிறகு, நடுக் காகிதத்துக்கு வெளியே, விரல் அகலத்துக்கு வெறும் வளையம் ஒன்று இருக்கும். தட்டு வெட்டுகிறவர் அடையாளத்துக்காக அங்கே கையால் ஒரு நம்பர் கீறி வைப்பார். பதினேழு என்று இருந்ததைப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தட்டை வாங்கிய அன்றே நோட்டில் எழுதிவிட்டேன். அதற்கு அடுத்தாற்போல் அழுக்கு அடைத்திருந்த இடத்தில் இன்னும் இரண்டு எழுத்து இருந்தது எனக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியில் இப்போது தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்து. ஜே.பி. அம்சவேணி பெயர் ஒட்டிய பக்கத்தில் ஜே.பி. கீறியவரின் சொந்தப் பெயராக இருக்கும் என்று நினைத்துத் தட்டைத் திருப்பினேன். அந்தப் பக்கம் வி.ஏ. அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் பெயர் குமாரி ஜெ. பிலோமினா. ஒரு பக்கம் மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். இரண்டு பக்கமும் இப்படி என்றால் ஒன்றுதான் அர்த்தம், வெட்டியவர் சரியாக எழுதியிருக்கிறார், அச்சுப் போடுகிற இடத்தில் காகிதம் மாறியிருக்கிறது. ஒரே பாட்டு, ஒரே வாத்தியம், கேட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு தட்டில் மாறினால் எல்லாத் தட்டிலும் மாறியிருக்கும். தங்கப்பன் பல்புக்கு நேரே பிடித்த தட்டிலும். நான் கண்ணாடியைக் கீழே வைத்தேன். மூன்று தடவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுத்து மாறவில்லை.

செல்வத்திடம் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அதனால என்ன இப்ப? அவ அம்மா பேர் போட்டிருக்கிற பக்கத்தைக் கேட்டு வருது. அந்தப் பக்கத்தைப் போடுங்க. உங்களை யாரு சாட்சிக் கூண்டுல ஏத்துனா?" என்றாள். "தப்பு இல்லையா செல்வம்?" "அந்தத் தப்பை நீங்களா பண்ணுனீங்க? அம்பது வருஷம் கழிச்சுப் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா கல்யாணத்துலகூடத்தான் தப்பு தெரியும். வாயை மூடிக்கிட்டுப் போடுங்க, பாவம், அவ்வளவு தூரத்திலேருந்து வருது பொண்ணு." பிறகு ஒரு கீரைக்காம்பை என் பக்கம் எறிந்து, "பழைய காதலி மகள்னதும் ஐயாவுக்குத் தூக்கம் போச்சு" என்றாள். தூக்கம் போனது உண்மை. ஐந்து நாளாக இதே இரண்டு எழுத்து. களைப்பாக இருக்கிறது. சக்கரத்தில் நூலளவு கோணல் இருந்தால் அதை அனுப்ப மாட்டேன் என்று நின்றவன், மேஸ்திரி கத்துவார், நிற்பேன். பேச வராவிட்டாலும் நிற்க வரும். இப்போது நிற்கவும் முடியவில்லை. காலையில் அவள் வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா பேர் போட்டிருக்கிற பக்கத்தைக் காட்டுங்கய்யா" என்றாள், காட்டினேன், பெயர் மேல் விரலை வைத்தாள், தட்டில் விரல் படக்கூடாது என்றுகூட நான் சொல்லவில்லை. என் கை தானாக அதே பக்கத்தை மேலே வைத்தது. கை செய்துவிட்டது, இனி வாய் என்ன செய்யும்.

சரணம் ஏறுகிறது. இங்கேதான் அந்தக் குரல் ஒரு படி மேலே போய், போனதைக் காட்டிக்கொள்ளாமல் இறங்கும். அந்தப் பெண்ணின் தோள் குலுங்குகிறது. தொண்ணூறாவது சுற்றாக இருக்கலாம், எண்ணிக்கை விட்டுவிட்டது, நான் எண்ணிக்கையை விடுகிறவன் இல்லை. பரிசளிப்புக்கு நான் போயிருந்தேன், அதைச் செல்வத்திடம்கூடச் சொன்னதில்லை. கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். கடைசி வரிசைக்கும் பின்னால், தூணை ஒட்டி நின்றேன். மேடையில் மெஷினுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். அம்சவேணி ஊதாச் சேலை, ஒல்லி, இரட்டைப் பின்னல். பத்தாயிரத்துச் சொச்சம் கார்டு அவளுக்கு என்று அறிவித்தார்கள், அதில் நாலு என்னுடையது. ஒரு வரி பாடச் சொன்னார்கள். கைக்குட்டையை வாயருகே வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள், தொண்டை கட்டிவிட்டது என்று ஒருவர் மைக்கில் சொன்னார், எல்லாரும் ஐயோ என்றார்கள், நானும். ஐம்பத்திரண்டு வருஷமாக அது தொண்டைக்கட்டு. வியாழக்கிழமைதான் அது தொண்டைக்கட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது. அவளுக்குத் தெரியும். தட்டைக் கேட்ட அன்றே தெரிந்திருக்கும், சொந்தக் குரலைத் தெரியாதவர்கள் உண்டா. மேடையின் இந்தக் கோடியில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்கள். அவள் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஐந்து நாளாக முயன்று பார்க்கிறேன், கை தட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகள் மட்டும் வருகின்றன. நான் உயிராக நினைத்த குரல் அதே மேடையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தது, நான் அடுத்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மெஷின். அதுதான் என் நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் தண்ணீர் குடித்ததும் அவள் முதலில் சொன்னது அதைத்தான். "அப்பா லாரி ஆக்சிடென்ட்ல போயிட்டாருங்கய்யா, எனக்கு மூணு வயசு. அம்மா பாட்டுப் பாடி வாங்கின மெஷின்லதான் எங்க மூணு பேரையும் படிக்க வச்சாங்க. ஊர்ல எல்லாரும் சொல்வாங்க, அம்சவேணி தொண்டையில சம்பாதிச்சதைக் காலால மிதிச்சுப் பெருக்குறாங்கன்னு." சிரித்துக்கொண்டே சொன்னாள், பலதடவை சொல்லிப் பழகிய சிரிப்பு. இப்போது நான் என்ன சொல்வது. உன் அம்மா பாடவில்லை என்று சொன்னால் அதோடு நிற்காது. உன் அம்மாவுக்குத் தெரியும் என்று ஆகும். தெரிந்தே வாங்கிக்கொண்டாள் என்று ஆகும். நீ போட்ட பாவாடை, கட்டிய பள்ளிக்கூடப் பணம், நர்ஸ் படிப்பு, எல்லாம் இன்னொருத்தியுடையது என்று ஆகும். ஒரு வட்டக் காகிதம் மாறியதற்கு இவ்வளவா. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் பிலோமினாவைக் கேட்டுவிட்டு அம்சவேணிக்கு அழுவார்கள், அவர்கள் பிள்ளைகளின் போனில் எல்லாம் இது போகும், பிறகு யாரும் எதையும் திருத்த முடியாது, நிஜமான அம்மா மறுபக்கத்தில் யாரும் திருப்பாமல் கிடப்பாள். நானே அந்தப் பக்கத்தை நாலு தடவைதான் கேட்டிருக்கிறேன். சொன்னால் ஒரு அம்மா போகிறாள், சொல்லாவிட்டாலும் ஒரு அம்மா போகிறாள். மூன்றாவது கூந்தல் வந்துவிட்டது. வயலின் முடிக்கப் போகிறது. தபேலாக்காரர் முந்திக்கொண்டு முடித்துவிட்டார். சரசரப்பு. ஊசி உள்வளையத்துக்குப் போய், ஜே.பி. என்று கீறிய இடத்துக்குப் பக்கத்தில், டக், டக் என்று நிற்கிறது. ஊசிக்கையைத் தூக்கினேன். ஒன்றும் முடிவு செய்யவில்லை.

அவள் போனை எடுத்துப் பதிவை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். செல்வம் டீயோடு வந்து நின்றாள், என்னைப் பார்த்த பார்வையில் கீரைக்காம்பு இருந்தது. "எவ்வளவு நல்லா இருக்குங்கய்யா" என்றாள் அந்தப் பெண். "ஒரு ஆச்சரியம் பார்த்தீங்களா, எங்க அம்மாவுக்கு ழ வரவே வராது. எனக்கு எழிலரசின்னு அப்பா பேர் வச்சுட்டுப் போயிட்டாரு, அம்மா கடைசி வரைக்கும் எளிலு, எளிலுன்னுதான் கூப்பிட்டாங்க. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது எளிலரசின்னே எழுதிட்டாங்க, அப்புறம் போய் மாத்தினோம். இதுல கேளுங்க, மழைன்னு எவ்வளவு சுத்தமா வருது! பாட்டு வாத்தியார் மண்டையில குட்டிக் குட்டித் திருத்தியிருப்பாரு." செல்வம் உடனே, "அந்தக் காலத்து வாத்தியாருங்க அப்படித்தாம்மா, விடவே மாட்டாங்க, டீயைக் குடி" என்றாள். அந்தப் பெண் டம்ளரை வாங்கி ஊதினாள். "ஆனா ரொம்பத் தன்னடக்கம். வீட்டுல ஒருநாள்கூடப் பாடினதில்ல. இந்தத் தட்டுகூட வச்சுக்கல. நாங்க மூணு பேரும் மடியில விழுந்து கெஞ்சுவோம், ஒரே ஒரு வரி பாடும்மான்னு. ‘அது நான் பாடலடி. உங்க அம்மாவுக்கு எங்கடி பாட வரும்’னு சொல்லிட்டு மெஷின் மேல குனிஞ்சுக்குவாங்க. நாங்க சிரிப்போம். அக்கா சொல்வா, பெரிய பாடகிங்க எல்லாம் இப்படித்தான் பிகு பண்ணுவாங்கன்னு."

அது நான் பாடலடி. சொல்லியிருக்கிறாள். எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று எண்ண யாருமில்லை. வருஷத்துக்குப் பத்துத் தடவை என்று வைத்தாலும் நூற்றுக்கணக்கில் வரும். கேட்கிற ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள், பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், அவள் குனிந்து மிதித்திருக்கிறாள். ஊருக்குச் சொல்ல முடியாது, மெஷின் போய்விடும், மூன்று வாய். பிள்ளைகளிடம் சொன்னாள், அவர்கள் நம்பவில்லை, நம்பாததில் அவளுக்கு நிம்மதியும் இருந்திருக்கும், பாரமும் இருந்திருக்கும். நான் சொல்லப்போவது புதிது ஒன்றும் இல்லை. அவள் சொன்னதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "உங்க அம்மா தன்னடக்கத்துல சொல்லலைம்மா. நெசத்தைத்தான் சொல்லியிருக்காங்க." "என்னங்க..." என்றாள் செல்வம். "இரு செல்வம். அம்மா, போன்ல நான் தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு அப்பத் தெரியாது. இந்தாங்க, இதைப் பிடிங்க, இந்த இடத்துல பாருங்க." பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். ஜே.பி.யைக் காட்டினேன். திருப்பி வி.ஏ.வைக் காட்டினேன். இரண்டு காகிதத்தையும் காட்டினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் ஒரு வெளி ஆளிடம் தொடர்ந்து பேசியதில்லை. அவள் கண்ணாடியை எடுக்காமல் நெடுநேரம் பார்த்தாள், தெர்மாமீட்டர் பார்க்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள். "எனக்கு. இவளுக்கு" என்றேன். பிறகு, சொல்லாமல் விட்டால் கணக்கு சரியாக வராது என்பதால், "உங்க அம்மாவுக்கு" என்றேன்.

டீயில் ஆடை படிந்தது. செல்வம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கையில் ஈரம் இல்லை. "திட்டிட்டுப் போம்மா, பரவாயில்ல. இந்த மனுசனுக்கு எதையும் அப்படியே விடத் தெரியாது" என்றாள். அந்தப் பெண் அவளைப் பார்க்கவே இல்லை. "மறுபக்கம் போடுங்க" என்றாள் என்னிடம். போட்டேன். பதிவு செய்ய அவள் போனை எடுக்கவில்லை. சரசரப்பு, வயலின், தபேலா. பிறகு இந்தக் குரல், கொஞ்சம் மெல்லியது, பயந்தது, சுருதிக்குக் கீழே நின்றுகொண்டு மேலே பார்ப்பது. மளைக்கு முன்னே ஒரு வாசம் வரும். என் நோட்டில் இந்தப் பக்கத்துக்கு நேரே உச்சரிப்பு சுமார் என்று எழுதியிருக்கிறேன், என் கையெழுத்திலேயே, திருத்தமாக. கூந்தலில் நுளைந்து குடியிருக்கும். அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை என்று நினைத்தேன், சிரிப்பு. "எளிலு" என்றாள். "ஐயோ, எங்க அம்மா. எங்க அம்மாதான். என்னமா கத்துறாங்க பாருங்க!" சிரித்துக்கொண்டே நாற்காலியில் இருந்து இறங்கித் தரையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள், அதிர்வு கையில் பட்டிருக்கும். சரணம் ஏறும் இடத்தில் குரல் எட்டவில்லை, எட்டாதது தெரிந்தும் எட்டிப் பார்த்தது, அங்கே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் ஊசிக்கையைத் தூக்கினேன்.

"அப்ப அந்த மெஷின்" என்றாள். "ராத்திரியில எல்லாம் தைப்பாங்க. திடீர்னு நிறுத்திட்டு, அதைத் துணி போட்டு மூடி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. கால் வலியாக்கும்னு நெனச்சோம்." முட்டியைக் கட்டிக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள். "யாருக்கும்மா?" என்றாள் செல்வம் பயந்துபோய். "அக்காவுக்கு. திண்டுக்கல்ல இருக்கா." அந்தப் பக்கம் மணி அடிப்பது போன் ஸ்பீக்கரில் கேட்டது, எடுத்ததும் ஒரே கூச்சல். "என்னடி, கேட்டியா? அம்மா எப்படிப் பாடியிருக்காங்க? அனுப்புடி சீக்கிரம், இவரு கேட்டுக்கிட்டே இருக்காரு!" "கேட்டேன்க்கா. அம்மா நல்லாவே பாடலை" என்றாள். "என்னடி உளர்ற?" "அக்கா, அந்தத் தையல் மெஷின் உன் வீட்டு மாடியிலதானே கிடக்கு? அதை யாருக்கும் குடுத்திடாத. பழைய இரும்புக்குப் போடறேன்னு மாமா சொன்னாருல்ல, போடக் கூடாது. அது நம்மளுது இல்ல. அதுக்குச் சொந்தக்காரங்க ஒருத்தங்க இருக்காங்க. உயிரோட இருக்காங்களான்னு தெரியல, தேடணும்." அந்தப் பக்கம் கூச்சல் அடங்கியது. பிறகு, "யாருடி அது?" என்றது. அவள் போனை என் முன்னால் நீட்டினாள். "நீங்க சொல்லுங்கய்யா. எனக்கு வர மாட்டேங்குது." இவருக்குப் போனில் பேச வராது என்று செல்வம் சொல்லப் போனாள். நான் வாங்கிக்கொண்டேன். "பிலோமினா" என்றேன். "ஜெ. பிலோமினா. திருச்சிக்காரங்க. அவங்கதான் பாடினாங்க."